சார்ஜில் போட்ட போன்

என் தங்கச்சியைப் பற்றி எழுத என்னைவிடத் தகுதியான ஆள் இந்த ஊரில் கிடையாது. படித்தவர்கள் எழுதினால் அவள் வாங்கிய பட்டத்தை எழுதுவார்கள், பதவியை எழுதுவார்கள். நான் ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன். எனக்கு அவளைத்தான் தெரியும்.

லாரிக்கு பாடி கட்டுகிற பட்டறை என்னுடையது. எஞ்சினும் சக்கரமுமாக, வெறும் எலும்புக்கூடாக வந்து நிற்கும் வண்டிக்கு கேபின் கட்டி, தொட்டி கட்டி, பெயின்ட் அடித்து, மாப்பிள்ளை மாதிரி அனுப்பி வைப்பவன் நான். ஆணி பொறுக்க வந்த பட்டறையிலேயே முதலாளியாக உட்கார்ந்தேன். யார் கையைப் பிடித்தும் ஏறவில்லை. அப்பா போன பிறகு தங்கச்சியைப் படிக்க வைத்ததும் இந்தக் கைதான். அவளும் அதை வீணாக்கவில்லை. நர்ஸ் படிப்பு முடித்து, ஆஸ்பத்திரியில் யாரும் போக விரும்பாத மனநலப் பிரிவைத் தானாகக் கேட்டு வாங்கினாள்.

"பைத்தியக்கார ஆஸ்பத்திரி நர்ஸை எவன்டி கட்டுவான்?" என்று எங்கள் அத்தை தலையில் அடித்துக்கொண்டாள்.

"கட்டிக்கிறவனுக்கு வீட்டுலயே வைத்தியம். லாபம்தானே அத்தை?" என்றாள் இவள். அத்தைக்கு அன்றைக்கு வாயடைத்தது. அப்படி வாயடைத்து நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

இன்றைக்கு வெள்ளம், தீ, நிலச்சரிவு என்று எங்கேயாவது ஒன்று நடந்தால், அங்கே போய் மனசு உடைந்து நிற்பவர்களுக்குத் துணை இருக்க வேண்டிய டாக்டர்கள், உளவியல் படித்தவர்கள், ஆலோசகர்கள் எல்லாருக்கும் பயிற்சி கொடுப்பவள் என் தங்கச்சி. அது எப்படி ஆரம்பித்தது என்றால், ஒரு வெள்ளத்தில்.

அப்போது ஆஸ்பத்திரியில் இவளையும் இன்னும் சிலரையும் நிவாரண முகாமுக்கு அனுப்பினார்கள். ஒரு மேஜை, ஒரு நாற்காலி, 'மனநல ஆலோசனை' என்று ஒரு பலகை. காலையிலிருந்து ஈ காக்கை வரவில்லை. கடைசியாக ஒருத்தர் வந்தார். இவள் எழுந்து நின்று, உட்காருங்க என்றாள். "இல்லம்மா, கக்கூஸ் எந்தப் பக்கம்?" என்று கேட்டுவிட்டுப் போய்விட்டார். வீட்டுக்கு வந்து இதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள்.

ஆனால் அந்த முகாமிலேயே இன்னொரு மூலையில் ஓர் ஆட்டோக்காரர், பேட்டரியிலிருந்து ஒயர் இழுத்து, வருகிறவர்களின் போனுக்கெல்லாம் சார்ஜ் போட்டுக்கொண்டிருந்தார். அங்கே கூட்டம் நெருக்கித் தள்ளியது. போனைக் கொடுத்தவர்கள் அதை விட்டுவிட்டுப் போக மனமில்லாமல் அங்கேயே குந்தியிருந்தார்கள். குந்தியிருந்தவர்கள் சும்மா இருக்க முடியாமல் பேசினார்கள். வீடு போனதை, மாடு போனதை, கையிலிருந்து குழந்தை நழுவியதை. மறுநாள் என் தங்கச்சி பலகையைக் கழற்றி மேஜைக்கு அடியில் போட்டுவிட்டு, நாற்காலியை ஆட்டோவுக்குப் பக்கத்தில் கொண்டுபோய்ப் போட்டாள். யாரையும் எதையும் கேட்கவில்லை. ஒயரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள், அவ்வளவுதான். மேலிடத்தில் முதலில் முகம் சுளித்தார்கள். பிறகு அவளையே கூப்பிட்டு மற்றவர்களுக்கும் கற்றுக்கொடுக்கச் சொன்னார்கள்.

ஆஸ்பத்திரிக் கூடத்தில் கூரை ஒழுகியபோது பயிற்சிக்கு இடம் இல்லை என்றாள். "என் ஷெட் என்னத்துக்கு இருக்கு?" என்றேன். ஒரு பெரிய மேஜையை இழுத்துப்போட்டு, ஜெனரேட்டரிலிருந்து லைன் எடுத்து, மேஜை நீளத்துக்கும் பிளக் பாயின்ட் அடித்துக் கொடுத்தேன். அந்த மாதிரி ஒரு போர்டு எந்தக் கடையிலும் கிடைக்காது. என் பட்டறை ஆட்களையே பாதிக்கப்பட்டவர்களாக நடிக்கச் சொன்னாள். எங்கள் வெல்டர் மார்பில் அடித்துக்கொண்டு, தரையில் புரண்டு, "ஐயோ என் வீடு, என் மாடி வீடு" என்று கதறினான். வாடகை வீட்டுக்காரன் அவன். பெயின்டர் சிரித்துச் சிரித்துத் தகரத்தைத் தள்ளிவிட்டான்.

"அண்ணே, அழுகாச்சியெல்லாம் வேண்டாம்," என்றாள் தங்கச்சி வெல்டரிடம். "யாரும் அப்படி வர மாட்டாங்க. சார்ஜ் ஏறுமான்னு கேட்டுட்டுப் பேசாம உக்காருங்க. அதுதான் கத்துக்க வந்த இவங்களுக்குக் கஷ்டம்."

பயிற்சிக்கு வந்தவர்களுக்கு அவள் சொன்ன முக்கியமான பாடம் ஒன்று. "ஒண்ணும் ஆகாது, எல்லாம் சரியாயிடும், கண்டிப்பா கிடைச்சுடுவாங்க. இந்த வார்த்தை ஒண்ணும் உங்க வாயில வரக் கூடாது. நீங்க கண்ணால பார்த்ததைச் சொல்லுங்க. பார்க்காததைச் சொல்லாதீங்க. தெரியலைன்னா தெரியலைன்னு சொல்லுங்க." இந்த ஒன்றைத் திரும்பத் திரும்பச் சொல்லிச் சொல்லிப் பழக்கினாள்.

வந்தவர்களில் மூத்தவர் ஒரு மனநல டாக்டர். கடைத்தெருவில் சொந்தமாகக் கிளினிக். வயதில் தங்கச்சிக்கு மேல். குரல் அவ்வளவு மெது, அவ்வளவு இதம். வெல்டர் அவருக்குப் 'பஞ்சு' என்று பெயர் வைத்துவிட்டான். பஞ்சு டாக்டர் பேசினால் கொதிக்கிற பால் அடங்கும் என்பான். நல்ல மனுஷர். பயிற்சியில் யாரும் தொடாத வேலையை, நாற்காலி தூக்குவதை, அவர்தான் முதலில் செய்தார்.

பிறகு நிஜமாகவே ஒன்று நடந்தது.

எங்கள் பட்டறைக்குப் பின்தெருவில் ஒரு பெரிய வணிகக் கட்டடம். மேலே இன்னும் ஒரு மாடி ஏற்றிக்கொண்டிருந்தார்கள். காலையில் கடைகளின் ஷட்டர் தூக்கும் நேரத்தில் அப்படியே இடிந்து உட்கார்ந்துவிட்டது. சத்தம் வந்தபோது இன்னும் பாடி கட்டாத சேஸிஸ் ஒன்று ஜாக்கியோடு ஆடியது. தெருவே புழுதியில் மறைந்தது. கரண்ட் போய்விட்டது. என்னை யாரும் கேட்கவில்லை. நானாக கேட்டைத் திறந்தேன், வண்டிகளைத் தெருவுக்குத் தள்ளினேன், பெஞ்சுகளைப் போட்டேன், ஜெனரேட்டரை ஓடவிட்டேன். உள்ளே மாட்டிக்கொண்டவர்களின் வீட்டுக்காரர்கள் காத்திருக்க அந்த வட்டாரத்திலேயே கூரையும் வெளிச்சமும் இருந்த இடம் என்னுடையதுதான்.

தங்கச்சி வந்தாள். அவள் போன் போட்டதும் பயிற்சிக்கு வந்தவர்கள் எல்லாரும் வந்தார்கள். பஞ்சு டாக்டர் கிளினிக்கைப் பூட்டிவிட்டு வந்தார். மேஜையில் போன்கள் வரிசையாகச் சார்ஜ் ஏறின. சொந்தக்காரர்கள் பக்கத்திலேயே நின்றார்கள், கொஞ்சம் காற்றாட வெளியே போனார்கள், திரும்ப வந்தார்கள். பாடம் சொன்னபடியே எல்லாம் நடந்தது.

மதியத்துக்கு முன்னால், முகமெல்லாம் சாம்பல் பூத்த ஒரு தீயணைப்புக்காரர் உள்ளே வந்தார். மேஜையில் அப்போது உட்கார்ந்திருந்தது ஆலோசகராக வேலை பார்க்கும் ஓர் அம்மா. "இது உள்ள கிடந்துச்சு. யாரோடதுன்னு தெரிஞ்சாச் சொல்லுங்க" என்று ஒரு போனைக் கொடுத்துவிட்டு ஓடினார். ஆலோசகரம்மா அதைத் துடைத்து மற்றப் போன்களுக்கு நடுவில் சார்ஜில் போட்டார். கொஞ்ச நேரத்தில் அவர் தண்ணீர் குடிக்க எழுந்தார். அந்த நாற்காலியில் பஞ்சு டாக்டர் உட்கார்ந்தார்.

போனுக்கு உயிர் வந்தது. உடனே மணி அடித்தது. நின்றது. மறுபடி அடித்தது. திரையில் 'அம்மா' என்று வந்தது. ஷெட்டில் இருந்த அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள். யாருடையது என்று டாக்டர் கேட்டார். யாரும் வரவில்லை. போனை வைத்தவர் வெளியே போயிருக்கிறார் போல என்று நினைத்து எடுத்துவிட்டார்.

அவர் பேசியதை நான் பக்கத்தில் நின்று கேட்டேன். "அம்மா, நான் ஒரு டாக்டர் பேசறேன். இந்த போன் இங்க லாரிப் பட்டறையில சார்ஜ்ல இருக்குங்க. இப்ப பக்கத்துல அவர் இல்லை."

அந்தப் பக்கத்திலிருந்து வந்த குரல் எனக்கே கேட்டது. "சார்ஜ்லயா? அப்பாடா! டிவியில பார்த்ததுலேருந்து என் உசுரே இல்லைங்க. எப்பவும் இப்படித்தான், சார்ஜ்ல போட்டுட்டு எங்கயாவது போயிடுவான். நான் பஸ் ஏறிட்டேன். வந்து அவன் காதைத் திருகறேன்."

டாக்டர் போனை வைத்தார். முகத்தில் ஒரு நிம்மதி. தங்கச்சியிடம் போய்ச் சொன்னார். "பார்த்ததை மட்டும்தான் சொன்னேன் மேடம். ஒரு வார்த்தை கூடுதலா சொல்லலை."

தண்ணீர் குடித்துவிட்டுத் திரும்பிய ஆலோசகரம்மா அதைக் கேட்டு அப்படியே நின்றுவிட்டார். "சார், அந்த போனை யாரும் கொண்டாந்து வைக்கலை. தீயணைப்புக்காரர் இடிபாட்டுலேருந்து எடுத்துட்டு வந்தது."

 உடனே டாக்டர் போனில் பேசிய அந்த அம்மாவைத் திரும்பக் கூப்பிட்டார். போகவில்லை. மறுபடி, மறுபடி. வழியில் சிக்னல் இல்லையோ, சார்ஜ் தீர்ந்துவிட்டதோ, அந்த அம்மாவின் போன் அணைந்திருந்தது. ஆக, பிள்ளை பிழைத்துவிட்டான் என்ற நினைப்பை மடியில் வைத்துக்கொண்டு ஒரு தாய் பஸ்ஸில் வந்துகொண்டிருக்கிறாள். தடுக்க வழி இல்லை. அந்தப் பையன் லிஃப்ட் மெக்கானிக், வெளியூரிலிருந்து வேலைக்கு வந்தவன் என்று போன் திரையில் இருந்த படத்தைக் கட்டட மேஸ்திரியிடம் காட்டிக் கேட்டுத் தெரிந்துகொண்டோம். அவனைக் காலையில் உள்ளே பார்த்ததாக மேஸ்திரி சொன்னார். வெளியே பார்த்ததாக யாரும் சொல்லவில்லை.

தங்கச்சி பெயின்ட் வேலைக்கு வைத்திருந்த மஞ்சள் டேப்பை என்னிடம் வாங்கி அந்தப் போனில் ஒரு சுற்றுச் சுற்றி, என் ஆபீஸ் அறையில் தனியாக வைத்தாள். இன்றைக்கு எந்தப் பயிற்சியிலும் ஆட்கள் வைத்த போன் ஒரு மேஜை, கண்டெடுத்த போன் இன்னொரு மேஜை, அதில் மஞ்சள் டேப். அந்தப் பழக்கம் அன்றைக்கு என் பட்டறை டேப்பில் தொடங்கியது.

"டாக்டர் தப்புப் பண்ணலைண்ணே," என்றாள் என்னிடம் மட்டும். "நான் சொல்லிக்கொடுத்ததை அப்படியே பண்ணார். உண்மையைச் சொன்னா போதும்னு நினைச்சேன். சார்ஜ்ல இருக்குன்னா, போட்டது யாருன்னு ஒரு அம்மா நினைப்பாங்கன்னு எனக்குத் தோணலை."

"சரி விடும்மா," என்றேன். "பையன் உசுரோட வந்துட்டா? வந்தப்புறம் யார் கேக்கப்போறா? அதுவரைக்கும் அந்த அம்மா நிம்மதியா இருந்துட்டுப் போகட்டுமே."

"வந்தா இன்னொரு தடவை சந்தோஷப்படட்டும். இப்ப அவங்க கையில இருக்கறது நாம கொடுத்த கள்ள நோட்டு. அதை வேற யாராவது கிழிக்கறதுக்கு முன்னாடி நாமதான் திரும்ப வாங்கணும்."

பஞ்சு டாக்டர் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார். "மேடம், நீங்களே சொல்லிடுங்களேன். நான் அந்தப் பக்கம் போயிடறேன். என்னைப் பார்த்தா அவங்களுக்கு இன்னும்..."

"அவங்க உங்க குரலைத் தேடித்தான் வருவாங்க டாக்டர். அந்தக் குரல் காணாமப் போகக் கூடாது."

வெயில் சாய்கிற நேரத்தில் அந்த அம்மா வந்தார். தோளில் ஒரு துணிப்பை. ஆஸ்பத்திரி எங்கே என்று கேட்கவில்லை. கட்டடம் எங்கே என்று கேட்கவில்லை. கேட்டில் நின்ற வெல்டரிடம், "தம்பி, போனுக்குச் சார்ஜ் போடற இடம் எது?" என்று கேட்டார். எங்கள் வாயாடி வெல்டர் கையை மட்டும் காட்டினான்.

தங்கச்சி எதிரே போய்க் கூட்டிவந்து பெஞ்சில் உட்கார வைத்தாள். "எங்க இன்னும் வரலையா அவன்? மாத்துத் துணி கொண்டாந்திருக்கேன். தூசியா நிப்பான்ல?" என்றார் அந்த அம்மா. தங்கச்சி பக்கத்தில் உட்கார்ந்தாள். டாக்டர் எதிரே, அந்த அம்மாவின் முகத்துக்கு நேராக முகம் வருகிற மாதிரி, தரையில் கிடந்த ஒரு டயரில் உட்கார்ந்தார்.

"அம்மா, போன்ல பேசினது நான்தான்."

"ஆமா, இந்தக் குரல்தான். புண்ணியவான் நீங்க."

"நான் சொன்னதுல ஒரு விஷயம் விட்டுப்போச்சுங்க. அந்த போனை உங்க மகன் கொண்டுவந்து வைக்கலை. தீயணைப்பு ஆள் இடிஞ்ச இடத்துலேருந்து எடுத்துக் கொண்டுவந்தது. அது தெரியாம நான் பேசிட்டேன். உங்க மகனை நாங்க யாரும் இன்னும் பார்க்கலை. அவர் எப்படி இருக்கார்னு எங்களுக்குத் தெரியாது."

அந்த அம்மா தலையை ஒரு பக்கம் சாய்த்துக் கேட்டார், தூரத்தில் யாரோ பேசுவது மாதிரி. "சார்ஜ்ல போட்டது அவன் இல்லையா?"

"இல்லைங்க."

"நீங்க அவனைப் பார்க்கலையா?"

"பார்க்கலைங்க."

டாக்டர் மறுபடி வாயைத் திறந்தார். இன்னும் ஏதோ சொல்ல, மன்னிப்புக் கேட்கப் போகிறார் என்று எனக்குத் தெரிந்தது. தங்கச்சி ஒரு பார்வை பார்த்தாள். அடக்கிக்கொண்டார்.

அந்த அம்மா துணிப்பையை மடியில் இழுத்து வைத்துக்கொண்டு பேசினார். கத்தவில்லை. "பஸ்ல பக்கத்துல உக்காந்திருந்த பொம்பளை பலகாரம் கொடுத்தா. வாங்கித் தின்னேன். ரெண்டு பேரும் பேசிச் சிரிச்சுக்கிட்டு வந்தோம். என் பிள்ளை கல்லுக்கு அடியில கிடக்கறான், நான் சிரிச்சுக்கிட்டு வந்திருக்கேன்."

கொஞ்ச நேரமாவது நிம்மதியாக இருக்கட்டும் என்று சொன்னவன் நான். அதற்குப் பிறகு அந்தப் பேச்சை நான் யாரிடமும் எடுத்ததில்லை.

"இவர் இங்கயே இருக்கட்டும்," என்றார் அந்த அம்மா, டாக்டரைக் காட்டி. கோபமா, வேண்டுதலா, எனக்குப் பிடிபடவில்லை. டாக்டர் அந்த டயரை விட்டு எழுந்திருக்கவில்லை. கிளினிக்கிலிருந்து ஆள் வந்து கூப்பிட்டான், தலையை மட்டும் ஆட்டி அனுப்பிவிட்டார்.   ஊரை மயக்குகிற அந்தக் குரலுக்கு அன்றைக்கு வேலையே இல்லை.

மறுநாள் காலையில் பையனை எடுத்தார்கள். உயிர் இல்லை. தங்கச்சி அந்த அம்மாவைக் கையைப் பிடித்து அழைத்துப்போய் அடையாளம் காட்டச் செய்து, திரும்ப அழைத்து வந்தாள். அதே பெஞ்சில் உட்கார்ந்தார்கள். அந்த அம்மாவின் சொந்தப் போன் இப்போது எங்கள் மேஜையில்தான் சார்ஜ் ஏறியிருந்தது. அது அடிக்க ஆரம்பித்தது. ஒருத்தர் வைத்தால் இன்னொருத்தர். அந்த அம்மா எடுக்காமல் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"பஸ்ல சிக்னல் இருந்த வரைக்கும் எல்லாருக்கும் சொல்லிட்டேன்," என்றார். "அண்ணனுக்கு, பக்கத்து வீட்டுக்கு, அவன் வேலை கத்துக்கிட்ட மெக்கானிக்குக்கு. பையன் பொழச்சுட்டான்னு சொல்லிட்டேன். இப்ப எந்த வாயால மாத்திச் சொல்ல?" சட்டென்று போனை டாக்டர் பக்கம் நீட்டினார். "உங்க வாயால வந்தது. நீங்களே சொல்லுங்க."

டாக்டர் தங்கச்சியைப் பார்த்தார். நானும் பார்த்தேன். சாவுச் செய்தியைக் குடும்பத்துக்குக் குடும்பம்தான் சொல்ல வேண்டும், நாம் பக்கத்தில் இருந்தால் போதும் என்று இதே ஷெட்டில் பாடம் எடுத்தவள் அவள். பயிற்சிக்கு வந்தவர்கள் அத்தனை பேரும் சுற்றி நின்றார்கள். மாட்டேன் என்பாள் என்றுதான் நினைத்தேன். அவள் அந்த அம்மாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "சொல்லுங்க டாக்டர்," என்றாள். "இவங்க பக்கத்துல உக்காந்து சொல்லுங்க. இவங்களுக்குக் கேக்கற மாதிரி."

டாக்டர் டயரிலிருந்து எழுந்து பெஞ்சுக்கு வந்தார். முதலில் அந்த அம்மாவின் அண்ணனுக்கு. "நேத்து உங்க தங்கச்சி மகன் நல்லா இருக்கார்னு உங்களுக்குச் சேதி வந்தது. அது என் பேச்சால வந்த தப்பு. இன்னைக்குக் காலையில அவரை எடுத்தாங்க. உயிர் இல்லை. உங்க தங்கச்சி என் பக்கத்துல இருக்காங்க." பஞ்சு இல்லை அந்தக் குரலில். காய்ந்துபோய், ஒவ்வொரு சொல்லும் தனித்தனியாக வந்தது. அந்தப் பக்கம் அலறல். அடங்கும் வரை காதிலிருந்து எடுக்காமல் வைத்திருந்தார். பையனுக்கு வேலை கற்றுக்கொடுத்த மெக்கானிக் அசிங்கம் அசிங்கமாகத் திட்டினார், நீயெல்லாம் ஒரு டாக்டரா என்று. அதையும் கேட்டுக்கொண்டார். எங்கும் தன் பக்க நியாயத்தைச் சொல்லவில்லை. ஒவ்வொன்றும் முடிந்ததும் அந்த அம்மா அடுத்த பேரைச் சொல்வார். டாக்டர் போடுவார். தங்கச்சி அந்த அம்மாவின் முதுகில் கை வைத்தபடி உட்கார்ந்திருந்தாள். என் ஆட்கள் சுத்தியலைக் கீழே வைத்துவிட்டு நின்றார்கள்.

என் வாழ்க்கையில் எத்தனையோ பளுவான வேலை பார்த்தவன் நான். கிரேன் வராத காலத்தில் கேபினைத் தோளில் தூக்கி ஏற்றியவன். அந்த பெஞ்சில் நடந்ததற்கு அதெல்லாம் பக்கத்தில் நிற்காது. அதற்குத் துணிந்து "சொல்லுங்க" என்றவள் என் தங்கச்சி. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

கடைசியாக ஒரு பேர் மிச்சம் இருந்தது. "என் பொண்ணு," என்றார் அந்த அம்மா. "அவனுக்கு அக்கா. முழுகாம இருக்கா." டாக்டர் எண்ணைத் தேடப் போனார். அந்த அம்மா கையை நீட்டிப் போனை வாங்கிக்கொண்டார்.

"வேண்டாம். இவளுக்கு நான் சொல்லிக்கறேன்."

டாக்டர் இடம் விட எழுந்தார். தங்கச்சி அவர் கையைத் தொட்டு, "உக்காருங்க," என்றாள். உட்கார்ந்தார். அந்த அம்மா தொண்டையைச் செருமிக்கொண்டு, மகளின் எண்ணை அழுத்தி, "கண்ணு, அம்மா பேசறேன். நீ முதல்ல உக்காரு. உக்காந்துட்டியா?" என்றார்.

நான் போய் ஜெனரேட்டரை நிறுத்தினேன். அந்தச் சத்தத்தில் அவர் கத்திப் பேச வேண்டியிருக்கும்.